ஃபால்க்கோவுக்கு ஊரே போட்ட ஒன்று

ஃபால்க்கோ ஊலிக்கின் ஐம்பத்தேழு வருட வாழ்க்கையில் பெரிய கெடுதல் எதுவும் நடந்ததில்லை, எங்கள் ஊர் முழுக்கத் திரண்டு அவர்மேல் அன்பு காட்டிய அந்த ஒரு வருடத்தைத் தவிர. நாலு விரோதிகள் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். அந்த வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் பிறந்தது ஹெர்ம்ஸ்பாக்கில், வளர்ந்தது ஹெர்ம்ஸ்பாக்கில், டயர் மாட்டியதும் ஹெர்ம்ஸ்பாக்கில். மலைமேல், செக் எல்லையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். அக்டோபர் பிறந்தால் பனிக்கால டயர், ஈஸ்டர் கழிந்தால் கோடைக்கால டயர். கல்யாணம், சாவு, தேர்தல் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் நடந்துகொள்ளும். பிள்ளைகள் லைப்சிக்குக்கும் மியூனிக்குக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற நாங்கள் பென்ஷன் வாங்குகிறோம், அல்லது வாங்கப்போகிறவர்களைத் திட்டுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் ஃபால்க்கோ கணக்கில் ஐந்து வாங்கினார். எங்கள் பக்கத்தில் இது பெருமை இல்லை. இங்கே மார்க்கு மேலிருந்து கீழே இறங்கும். ஒன்றுதான் உச்சம், ‘மிக நன்று’. இரண்டு பரவாயில்லை. அப்படியே இறங்கி ஐந்துக்கு வந்தால் தோல்வி, உட்காரு என்று அர்த்தம். இப்போதிருக்கிற நாடு ஆறு வரை நீட்டியிருக்கிறது. ஃபால்க்கோ படித்தது அதற்கு முந்தைய நாட்டில், ஜெர்மனி இரண்டாகக் கிடந்தபோது கிழக்கே இருந்ததில். அங்கே ஐந்தோடு தரை வந்துவிடும். அந்த ஐந்தைச் சிவப்பு மசியில் போட்டவர் கணக்கு டீச்சர் ரோஸ்விதா நெஸ்ட்லர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்கு சொல்லிக் கொடுத்தார், மீதிப் பாதிக்கு அவர்மேல் பயம் உண்டு.

ஐந்து வாங்கியவனை அன்றைக்கு மாட்டுப் பண்ணைக்கு அனுப்புவார்கள், அல்லது வூல்காவுக்கு. ஃபால்க்கோவுக்கு மாடு என்றால் தும்மல் வரும். வூல்கா என்பது கிழிந்த டயரை வேகவைத்து ஒட்டி மறுபடி ஓடவைத்த கூட்டுறவுக் கடை. பிறகு நாடு போனது, கூட்டுறவு போனது, ஒட்டுகிற வேலையும் போனது. பெயர்ப்பலகை பலமுறை மாறி, கடைசியில் ஒரு டச்சுக் கம்பெனி வாங்கி ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மாட்டியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாரும் இன்றுவரை முழுசாகப் படித்ததில்லை. டயர் மாற்றணும் என்றால் ‘வூல்காவுக்குப் போறேன்’ என்போம்.

ஃபால்க்கோவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. டயரைக் குனிந்து பார்ப்பார், கட்டைவிரலை டயரின் பட்டன் பள்ளத்துக்குள் விட்டுப் பார்ப்பார், நிமிர்ந்து, “இது இன்னும் ஒரு பனிக்காலம் தாங்கும், போய்ட்டு வாங்க” என்பார். டயர் விற்கிறவன் வாயிலிருந்து வரவே கூடாத வாக்கியம். ஆனாலும் சொல்லுவார். தாங்காது என்றால் தாங்காது என்பார். அப்போது அழுதாலும் விடமாட்டார். கடைக்கு மேலேயே இரண்டு அறை வீடு, கிளை மேலாளருக்கென்று உள்ளது. மேலாளருக்குச் சொந்த வீடு இருந்ததால் அது ஃபால்க்கோவுக்கும் அவர் மனைவி காரோலாவுக்கும் வந்திருந்தது. காரோலாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் ஜாக்கி ஏறும் சத்தத்தில்தான் இருவரும் கண்விழிப்பார்கள்.

கடையில் இன்னொருவன், டீலோ ட்ரெக்ஸல். நாற்பது வயது, நல்ல பல்வரிசை. ஒரு சக்கரத்தில் ஆணி ஏறியிருக்கிறது என்று போனால் நாலு புது டயரோடு அனுப்புவான். ரிம்மைக் கீறிவிட்டு, “இது முன்னாடியே இருந்ததுங்க” என்பான். கிழவிகளிடம், “இந்த டயர்ல போனா நேரா கல்லறைக்குத்தான்” என்று முகம் மாறாமல் சொல்லுவான். அவனைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு.

அந்த வருடத் தொடக்கத்தில் பழைய மேலாளர் ஓய்வு பெற்றார். டச்சுக்காரர்களின் மண்டல அதிகாரி சீட்ஸே ஹூக்ஸ்ட்ரா மலையேறி வந்தார். உயரமான, சுத்தமான மனிதர், நல்ல ஜெர்மன் பேசுவார். கடலுக்குக் கீழே கிடக்கும் சமவெளியில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஊர்ச் சரிவில் நிற்கும்போது எதையாவது பிடித்துக்கொள்வார். அவர் சொன்னது இவ்வளவுதான்: இனி இந்தக் கிளைக்கு ஒரு நிரந்தர ஆள் போதும். இருவரில் ஒருவர் மேலாளர் ஆவார், வீடும் அவருக்கே. மற்றவர் போகலாம். யார் என்று கம்பெனி முடிவு செய்யாது. வாடிக்கையாளர்கள் முடிவு செய்வார்கள்.

காத்திருக்கும் அறையில், காப்பி மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு தொடுதிரையை நட்டுவிட்டுப் போனார். ஃபால்க்கோ வேலை பார்த்தால் ஃபால்க்கோவின் படம் வரும், டீலோ பார்த்தால் டீலோவின் படம். கீழே வரிசையாக நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். ‘உங்களுக்குச் சேவை செய்தவரை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள்.’ அதற்குமேல் விளக்கம் எதுவும் இல்லை. ஹாலந்தில் அதற்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. கூடவே ஒரு விதி: எந்த ஊழியராவது, அவர் வீட்டாராவது நட்சத்திரத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை பேசினால் அந்த நிமிடமே வேலை போய்விடும். நேர்மைக்காக வைத்த விதி.

முதல் நாள் திரைமுன் நின்றவர் கோட்ஹார்ட் வைகல், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“டீச்சர், இங்க பாருங்க. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போட்டிருக்கான். இதுல எது நல்லது?”

நெஸ்ட்லர் டீச்சர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஊர்க் காப்பி, கோப்பையின் அடியில் வரைந்திருக்கிற பூ தெரிகிற அளவுக்குத் தெளிவானது.

“கோட்ஹார்ட், ஒண்ணுலேருந்து அஞ்சுல எது நல்லதுன்னு உனக்கு இன்னுமா தெரியல? என்கிட்ட நீ என்ன வாங்குவே?”

“பெரும்பாலும் நாலு, டீச்சர்.”

“அப்ப உனக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்.”

“இல்ல, நட்சத்திரமாச்சே... ஹோட்டல்ல எல்லாம் நிறைய இருந்தாத்தான...”

“இது ஹோட்டலா? கட்டில் போட்டிருக்கானா? நம்பர் போட்டிருக்கான். நம்பர் போட்டா அது மார்க்கு. மார்க்குன்னா ஒண்ணுதான் மேல. அஞ்சு வாங்கினா ஃபெயிலு. அஞ்சோட நிறுத்தியிருக்கான் பாரு, ஆறெல்லாம் வெக்கல. அந்த டச்சுக்காரன் நம்ம பழைய பள்ளிக்கூடத்தை மதிச்சிருக்கான்.”

அறையில் இருந்தவர்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தை மதித்தவர் வேறு யாரும் இல்லை. வைகல் விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு ஃபால்க்கோவுக்கு ஒன்று போட்டார். கீழே எழுதவும் இடம் இருந்தது. ‘ஊலிக் மாதிரி ஆள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினார்.

ஃபால்க்கோவின் வேலையும் வீடும் இந்தத் திரையில் தொங்குகின்றன என்று ஊருக்குத் தெரியவந்ததும் அன்பு கரையுடைத்தது. டயருக்கு ஒன்றும் ஆகாதவர்களும் காற்று பிடிக்க வந்தார்கள். வந்து ஒன்று போட்டார்கள். டீலோவிடம் மாட்டிக்கொண்டவர்கள் நெஸ்ட்லர் டீச்சரின் கண்டிப்போடு ஐந்து போட்டார்கள். ‘என் புது ரிம்மைக் கீறிவிட்டுச் சிரிக்கிறான், பன்றிப் பயல்.’ ஐந்து. ‘இவனை வேலைக்கு வைத்தவனை உதைக்க வேண்டும்.’ ஐந்து. சின்ன வயசுக்காரர்கள் யாராவது வந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். அவர்கள் சாவியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்கள், காப்பி அவர்களுக்கு ஆகாது.

மாதக் கடைசியில் புள்ளிகள் வந்தன. கம்பெனியின் ஒட்டுமொத்தக் கிளைகளிலும் கடைசி ஆளாக ஃபால்க்கோ இருந்தார். மேலே, முதல் சில பேருக்குள், டீலோ.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு சூப் ஆறிப்போனது. ஃபால்க்கோ நடந்ததைப் புரிந்துகொண்டு சொல்லி முடித்ததும் காரோலா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம், “ஊர்ல ஒருத்தராவது உன்னை வெறுக்கலாம் இல்ல? ஒரே ஒருத்தர்?” என்றாள்.

“யோசிச்சுப் பாத்தேன். யாரும் இல்ல.”

“இத்தன வருஷம் என்னதான் பண்ணிட்டு இருந்த நீ?”

மறுநாள் ஃபால்க்கோ ஹூக்ஸ்ட்ராவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அது அவர் வாங்கிய பயிற்சி.

“அதாவது, உங்களுக்கு ஒண்ணு போட்டவங்க எல்லாம் உங்கமேல உயிரையே வெச்சிருக்காங்க.”

“ஆமா.”

“ஹெர் ட்ரெக்ஸலுக்கு அஞ்சு போட்டவங்க எல்லாம் அவரை வெறுக்கறாங்க.”

“ஆமாங்க.”

“ஹெர் ஊலிக், கம்மியா வாங்கினவங்க என்கிட்ட எவ்வளவோ காரணம் சொல்லியிருக்காங்க. முதுகுவலி, மழை, மாமியார். உங்களோடதுதான் எல்லாத்துலயும் அழகானது. இதுக்கு ஒரு திரை இருந்தா நான் அஞ்சு போட்டிருப்பேன்.”

“அவங்க எழுதினதைப் படிச்சுப் பாருங்க. என்னப் புகழ்ந்துதான் எழுதியிருக்காங்க.”

“படிச்சேன். ‘இந்த மாவட்டத்திலேயே கிடையாது.’ ஒரு நட்சத்திரம். உங்க சாக்சன் பக்கத்து ஆளுங்க குத்தலாப் பேசுவாங்கன்னு முன்னாடியே சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. ஆனா இவ்வளவு கொடூரமா இருப்பீங்கன்னு நெனைக்கல. உங்களுக்காக நிஜமாவே வருத்தப்படறேன்.”

“டீலோவைப் பன்றின்னு எழுதியிருக்காங்களே?”

“பாசம்” என்றார் ஹூக்ஸ்ட்ரா. “என் தாத்தாவும் நாய்க்கு அப்படித்தான் பேர் வெச்சிருந்தார்.”

டீலோவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தன்னிடம் இத்தனை காலம் மறைந்து கிடந்த நல்ல குணம் எது என்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெளிச்சம் தந்தது அவன் அம்மா. மகனிடம் டயர் மாற்றிக்கொண்டு, தலை நிமிர்ந்து திரைக்குப் போய், திரும்பி வந்து அவன் கன்னத்தைத் தட்டினாள்.

“ஊர் என்ன வேணா பேசட்டும்டா. என் பிள்ளைக்கு நான் ஒண்ணு போட்டேன்.”

அவன் புள்ளி அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சறுக்கியது. டீலோ முட்டாள் இல்லை. அம்மாவிடம் இனிமேல் கடைப்பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு, வேலையில் முழுமூச்சாக இறங்கினான். இதுவரை இயல்பாக மட்டுமே கெட்டவனாக இருந்தவன், இப்போது உழைத்தான். வைகலின் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு, அவர் கண்முன்னால் உட்கார்ந்து, முழு ரொட்டியை ஒவ்வொரு கடியாகத் தின்றான். நெஸ்ட்லர் டீச்சரைப் பார்த்து, “இந்த வயசுல உங்களுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தா?” என்றான். டீச்சர் தன் வாழ்நாளில் போட்டதிலேயே அழுத்தமான ஐந்தைப் போட்டார். திரையில் விரல் ரேகை பதிந்திருந்தது.

ஃபால்க்கோவும் முயன்றார், அதையும் மறைக்கக் கூடாது. ஒருநாள் முழுக்க யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. வைகலுக்கு முந்தின நாள் காப்பியை அப்படியே ஊற்றிக் கொடுத்தார்.

“குடிச்சா குடிங்க, இல்லாட்டிப் போங்க” என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வைகல் ஒரு வாய் குடித்தார். “இதான் சரி. நாக்கு சுடல.” பிறகு ஃபால்க்கோவின் தோளில் கைவைத்தார். “தூக்கம் இல்லையா, தம்பி? எல்லாம் நல்லபடியா நடக்கும். நாங்க இருக்கோம்ல.” வைகல் நேராகத் திரைக்குப் போய் அன்றைக்கும் ஒன்று போட்டார்.

ஈஸ்டர் கழிந்து நெஸ்ட்லர் டீச்சரின் சின்ன ஸ்கோடா ஜாக்கியில் ஏறியபோது ஃபால்க்கோ துணிந்தார். டீலோ கிடங்கில் இருந்தான். வேலை போனாலும் போகட்டும், எப்படியும் போகப்போவதுதான்.

“டீச்சர், ஒரு உதவி. அந்தத் திரையில இந்தத் தடவ எனக்கு அஞ்சு போடுங்க.”

“எத்தனை?”

“அஞ்சு.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஃபால்க்கோ, உனக்கு ஒருதடவ அஞ்சு போட்டேன். அதனாலதான நீ இங்க வந்து டயர் உருட்டற? அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது. இன்னொரு அஞ்சு என் கையால வேணுமா?”

“டீச்சர், அங்க கணக்கு தலைகீழ். அஞ்சுதான் மேல. ஒண்ணுதான் ஃபெயிலு.”

“யார் சொன்னா?”

“டச்சுக்காரங்க.”

“அவங்க சொன்னா ஒண்ணு அஞ்சாயிடுமா? கழிக்கச் சொன்னா கூட்டுவே, கூட்டச் சொன்னா கழிப்பே. நீ மாறவே இல்ல, பையா.” சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “நிஜத்தைச் சொல்லு. அந்த டீலோ மிரட்டறானா? அவன்தான் உன்னை இப்படிக் கேக்கச் சொன்னானா?”

“அய்யோ, இல்ல டீச்சர், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

கிடங்குக் கதவு திறந்தது. டீலோ இரண்டு சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தான்.

“கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நட்டை மறுபடி இறுக்கிக்கணும், டீச்சர்” என்று ஃபால்க்கோ சத்தமாகச் சொன்னார்.

டீச்சர் கண்ணைச் சிமிட்டினார். எல்லாம் புரிந்துவிட்டது என்பதற்கான சிமிட்டல். ஃபால்க்கோ அதைப் பார்த்துவிட்டு ஜாக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே தேவாலயப் பாடகர் குழு, தோட்டக்காரர் சங்கம், முயல் வளர்ப்போர் சங்கம் மூன்றுக்கும் செய்தி போனது: ஃபால்க்கோ ஆபத்தில் இருக்கிறார், மிரட்டப்படுகிறார், அவரோ அவர் மனைவியோ வந்து ஐந்து போடச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். முயல்காரர்கள் முறைவைத்து வந்தார்கள். வைகல் தன் வண்டியை வேண்டுமென்றே ஆணிமேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தார், ஒன்று போடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று. பக்கத்து ஊர்க்காரர்கள் சிலருக்கும் விஷயம் எட்டி, வண்டியே இல்லாத ஒரு விதவை பஸ் பிடித்து வந்து ஒன்று போட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊர் ஒரு காரியத்துக்காக இப்படி ஒற்றுமையாக நின்றது நாடு கவிழ்ந்த அந்த இலையுதிர்காலத்துக்கு அப்புறம் இதுதான்.

அக்டோபர் வந்தது. வியாழக்கிழமை பனி விழும் என்று வானொலி சொல்லிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை வூல்கா முற்றத்தில் தொடங்கிய வண்டி வரிசை அஞ்சலகம் தாண்டி நின்றது. ஹூக்ஸ்ட்ரா ஆரஞ்சுக் கிரீம் பூசிய பெரிய கேக்கோடு வந்து இறங்கி, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அறையில் ஊரின் முக்கால்வாசி.

“இந்தக் கிளைக்குப் புது மேலாளரைத் தேர்ந்தெடுத்தது நாங்க இல்ல, நீங்க” என்றார். “இவ்வளவு தெளிவான தீர்ப்பை எங்க கம்பெனி பார்த்ததே இல்ல.”

கைதட்டல் வெடித்தது. வைகல் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். யாரோ ஃபால்க்கோவை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்கள். அவர் தள்ளின இடத்தில் போய் நின்றார்.

“ஹெர் டீலோ ட்ரெக்ஸல்!”

கைதட்டல் நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசி வரிசையில் காது மந்தமான இருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நெஸ்ட்லர் டீச்சர் எழுந்தார். “ஹெர் ஹூக்ஸ்ட்ரா, எங்கேயோ தப்பு நடந்திருக்கு. நாங்க எல்லாரும் ஊலிக்குக்கு ஒண்ணு போட்டோம்.”

“தெரியும், ஃப்ராவ் நெஸ்ட்லர். அதனாலதான்.”

“ஒண்ணு. ஒண்ணாம் நம்பர்.”

“ஆமாம். ஒண்ணுன்னா மோசம். அஞ்சுன்னா பிரமாதம்.”

“யாரோட ஊர்ல?”

ஹூக்ஸ்ட்ரா கேள்வியை நேர்மையாக யோசித்தார். “எல்லாரோட ஊர்லயும்” என்றார்.

டீச்சரின் உதடுகள் அசைந்தன, ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்போல. மற்றவர்கள் அவரையே பார்த்தார்கள். எப்போதும்போல விடை அவரிடமிருந்துதான் வரவேண்டும்.

“அப்படின்னா உங்க அளவு தப்பு” என்றார் டீச்சர். உட்கார்ந்துவிட்டார்.

வைகல்தான் கேட்டார், மெதுவாக: “இப்ப மாத்திப் போட முடியாதா?”

“புள்ளி எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. அங்க எண்களை மட்டும்தான் பாப்பாங்க.” ஹூக்ஸ்ட்ரா ஃபால்க்கோவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான சங்கடம் இருந்தது. “நீங்க அன்னைக்குச் சொன்னது நிஜம்தான்போல. ரொம்ப சுவாரசியமான விஷயம். எங்க பயிற்சி வகுப்புல இதைச் சேக்கச் சொல்றேன்.”

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தால் மற்றவர்களும் போயிருப்பார்கள் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். போயிருக்கலாம். ஆனால் அடுத்த டயர்க் கடை பள்ளத்தாக்கில். அங்கே டிசம்பர் வரை இடம் இல்லை. பனியோ வியாழக்கிழமை.

டீலோ கேக்கை வெட்டி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். “சரி, அடுத்து யாரு?”

எல்லோரும் தத்தம் ஷூவைப் பார்த்தார்கள்.

“நான்” என்றார் வைகல். பின் ஃபால்க்கோவின் காதருகில் போய், “ஃபால்க்கோ, நீ சாயங்காலம் வரைக்கும் இருப்ப இல்ல? என்னுதை நீயே மாட்டிடேன். அவனை நம்ப முடியாது” என்றார்.

ஃபால்க்கோ மாட்டினார். அவருடையதை மட்டும் இல்லை, பொழுது சாயும்வரை வரிசையில் பாதியை அவர்தான் மாட்டினார். எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். வேலை முடிந்ததும் வைகல் ஈரக் கண்களோடு திரைக்குப் போய், இந்தத் தடவை எண்ணிப் பார்த்து, ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார். ‘இந்த ஊழியர் இப்போது இங்கே இல்லை’ என்றது திரை.

வீட்டைக் காலி செய்த அன்றும் ஊர் வந்தது, குறை சொல்ல முடியாது. பாடகர் குழு சோபாவைத் தூக்கியது, முயல்காரர்கள் அலமாரியைத் தூக்கினார்கள், யாரோ வாளி நிறைய உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார்கள். எந்தப் பெட்டி முதலில் இறங்கவேண்டும் என்று நெஸ்ட்லர் டீச்சர் படிக்கட்டில் நின்று உத்தரவிட்டார். அவ்வளவு வேகமாக ஒரு வீடு காலியானதை நாங்கள் பார்த்ததில்லை. காரோலா காலிச் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றாள். யாரோ அவள் கையிலும் ஒரு தட்டு சாலட்டைக் கொடுத்தார்கள். மறுவாரம் டீலோவின் அம்மா வந்து ஜன்னல்களைத் துடைத்தாள்.

டீலோவுக்கு இனி ஊர் என்ன போடும் என்று கேட்பீர்கள். ஐந்துதான். கழற்றிய எங்கள் கோடைக்காலச் சக்கரங்கள் எல்லாம் ஈஸ்டர் வரை அவன் கிடங்கில், பெயர் எழுதி அடுக்கில் கிடக்கின்றன. யாருடையது எந்த அடுக்கில் என்று அவனுக்குத் தெரியும். முன்பு வெறுப்பில் போட்டோம், இப்போது பயத்தில் போடுகிறோம். அவன் புள்ளி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஃபால்க்கோவும் காரோலாவும் பள்ளத்தாக்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஒரு பானக் கடையில் வேலை கிடைத்தது. காலி பாட்டில்களை விழுங்கிக் காசு தருகிற மெஷின் விக்கிக்கொள்ளும்போது கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நவம்பர் கடைசியில் நெஸ்ட்லர் டீச்சர் காலித் தண்ணீர் பாட்டில் பெட்டிகளோடு வந்தார்.

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஃபால்க்கோ.”

“சொன்னேன், டீச்சர்.”

“எப்போ?”

“உங்க வண்டி ஜாக்கில நின்னப்ப.”

“அப்படி மென்னு முழுங்கினா யாருக்குப் புரியும்? புரியற மாதிரி சொல்லணும். உனக்காக ஊர் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கு தெரியுமா? கோட்ஹார்ட் ஆணிமேல ஏத்திட்டு வந்தான்.”

“தெரியும். நான்தான் பஞ்சர் ஒட்டினேன்.”

“நன்றியோட இருக்கணும், பையா” என்றார் டீச்சர், அன்பாகத்தான். “பெட்டியைக் கொஞ்சம் வண்டி வரைக்கும் தூக்கிட்டு வா.”

வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்து, தரையெல்லாம் கூழாகக் கிடந்தது. ஃபால்க்கோ புதுப் பெட்டிகளை ஸ்கோடாவின் பின்னால் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் குனிந்தார். நாலும் புது டயர். பட்டன்கள் அம்பு வடிவத்தில் வெட்டியவை. அம்பு ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும், அப்போதுதான் பனிக்கூழை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். முன்சக்கரங்கள் இரண்டிலும் அம்பு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. டீலோ இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தான். இப்படி ஓடினால் கூழை ஒதுக்காது, சக்கரத்துக்கு அடியிலேயே கூட்டிச் சேர்க்கும். ஹெர்ம்ஸ்பாக்குக்கு ஏறும் வழியில் கல்குவாரி வளைவு இருக்கிறது.

கட்டைவிரலைப் பட்டனுக்குள் விட்டார். எடுத்தார்.

“என்ன பாக்கற?” என்றார் டீச்சர், உள்ளே உட்கார்ந்து ஜன்னலை இறக்கி. “டீலோ நாலையும் புதுசா மாத்திட்டான். ஆள் எப்படியோ போகட்டும், வேலையைச் சொல்லு. எப்படி மாட்டியிருக்கான்?”

ஃபால்க்கோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அஞ்சு, டீச்சர்.”

“நிஜமாவா? சுத்தமான அஞ்சா?”

“சுத்தமான அஞ்சு.”

டீச்சரின் முகம் மலர்ந்தது. “பாத்தியா, புதுக் கணக்கை நீயும் கத்துக்கிட்ட” என்றார். ஜன்னலை ஏற்றிக்கொண்டு மலைச்சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். கடைக்குள்ளே மெஷின் மறுபடி விக்கிக்கொண்டு கத்தத் தொடங்கியிருந்தது. ஃபால்க்கோ ஓடவில்லை, நடந்துதான் போனார்.